பாக்கியமேரி தைத்த லேபிள்கள்

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, ஆரணி ஜெகநாதன் பட்டு மாளிகையில் முப்பத்தெட்டுப் புடவைகளிலிருந்து கைத்தறி லேபிள்கள் தாமாகவே கழன்று விழுந்தன. முதலாளியின் மகள் பானுப்ரியா அப்போது போனை ஸ்டாண்டில் மாட்டி லைவ் போட்டுக்கொண்டிருந்தாள். அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசல் கைத்தறி, லேபிளைப் பாருங்கள் என்று மாம்பழ மஞ்சள் புடவை ஒன்றின் முந்தானையைத் தூக்கிக் காட்டிய நொடியில் அந்த லேபிள் விழுந்தது. சிரித்துச் சமாளித்து அடுத்த புடவையை எடுத்தாள், அதுவும் விழுந்தது. பிறகு அலமாரியில் மடித்து அடுக்கியிருந்தவற்றிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், விரற்கடை அகலத் துணித்துண்டுகள் தரையில் வந்து படிந்தன. கீழே என்னவோ விழுகிறதே பாப்பா என்று திருவள்ளூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எழுதினார். ஜெகநாதன் ஓடிவந்து போனை அணைத்தார். ஆடிக்காற்று என்றார். காற்று தையலைப் பிரிக்குமா என்று கடையில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சம்பளம் வாங்குகிறவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

அந்த லேபிள்களைத் தைத்தவள் பாக்கியமேரி. தேசூரில் பிறந்து, ஏசுதாஸைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தவள், நாற்பத்தொரு வயது. பதினோரு வருடமாகக் கடையின் பின்னறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, புடவையின் உள்முந்தியில் லேபிளை வைத்து, இரண்டு முனையிலும் நான்கு தையல் போட்டு, இரட்டை முடிச்சுப் போட்டு முடிப்பது அவள் வேலை. கைத்தறியில் நெய்த புடவை இது என்று அந்த லேபிள் சொல்லும். புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், இது கையால் நெய்ததா, மின்சாரம் நெய்ததா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துதான் இரண்டுக்கும் தைத்தாள். வீட்டில் ஏசுதாஸின் தறிக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஜெகநாதன் கடையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பாவு கொடுக்கிறவர் கையில்தான் தறிக்காரர் வீட்டு அடுப்பு இருக்கிறது. அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வெளியூர் வியாபாரிகள் வந்தால் ஜெகநாதன் அவளைக் காட்டி, இது நம்ம நம்பிக்கையான ஆள் என்பார். அவளும் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருப்பாள்.

விழுந்தவற்றை அன்று மத்தியானமே திரும்பத் தைத்தாள். மாலைக்குள் எல்லாம் விழுந்தன. நூலை மாற்றினார்கள், ஊசியை மாற்றினார்கள், நைலான் நூல் வாங்கிவந்தார்கள், தையல் மெஷினில் ஓட்டினார்கள், கடைசியில் பசை வைத்து ஒட்டி மேலே இரும்புப் பெட்டியை ஏற்றி வைத்தார்கள். பெட்டியைத் தூக்கியதும் லேபிள் அந்தப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதே அலமாரியில் வேறு ஐந்து புடவைகளில் மட்டும் லேபிள் முதலிலிருந்தே விழாமல் நின்றது. சும்மா நிற்கவில்லை, கத்தரி வைத்து வெட்டப் பார்த்தால் கத்தரிதான் வாய் மழுங்கியது. பாக்கியமேரி அந்த ஐந்தின் ஓரத்தையும் தடவிப் பார்த்தாள். ஐந்தும் கைத்தறி. ஒன்று அவள் வீட்டிலேயே நெய்தது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் ஜெகநாதனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவருக்குப் புரியாமல் இல்லை. முப்பது வருடம் பட்டில் புரண்ட மனிதர். வியாழக்கிழமை ஐப்பசி முகூர்த்தங்களுக்கான சரக்கு போக வேண்டும், எதையாவது செய்து தைத்துக்கொடு, அனுப்பும்வரை நின்றால் போதும் என்றார். பாக்கியமேரி முடியாது என்றாள். இதுவரை அந்தக் கடையில் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. சொன்ன பிறகு வாய் கசக்கவில்லை என்று கண்டு ஆச்சரியப்பட்டாள்.

“இன்னா மேரி இது? நீ நம்பிக்கையான ஆளாச்சே,” என்றார் ஜெகநாதன்.

“நான் வாய மூடிகினு இருந்ததுக்கு நீங்க வச்ச பேரு அது, மொதலாளி. இனிமே மூட மாட்டேன்.”

அப்படியென்றால் உன் வீட்டுத் தறியில் ஓடுகிற பாவு என்னுடையது, அதையும் யோசித்துக்கொள் என்று அவர் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று அவள் ஊசியை மேசைமேல் குத்தி வைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். உண்மையில் அவள் யோசிக்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டிய பிறகுதான் யோசித்தாள்.

மறுநாள் கடையிலிருந்து இரண்டு பேர் வந்து ஏசுதாஸின் தறியில் பாதி நெய்த பாவை அறுத்துச் சுருட்டி எடுத்துப்போனார்கள். ஏசுதாஸ் தறிக்குழிக்குள் காலை விட்டபடியே உட்கார்ந்திருந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. உன் வாய்க்கு ஒரு லேபிள் தைக்க ஆள் இல்லாமல் போச்சே என்று மட்டும் சொன்னார். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் அந்த வீட்டில் ரேஷன் அரிசியும் ரசமும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், இவளுக்கு எதற்கு இந்த வேலை, ஊர் உலகத்தில் இல்லாததையா அவர் செய்துவிட்டார் என்று பேசிக்கொள்வது காதில் விழும். பாக்கியமேரி எதையும் சட்டை செய்யாதவள்போல நடப்பாள். வீட்டுக்கு வந்து அழுவாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

கடைக்கு மெஷின் வந்தது. விற்க வந்த தீனா என்ற இளைஞன் டை கட்டியிருந்தான். பளபளவென்ற ஸ்டிக்கரை அது சூடாக்கி அழுத்தும். ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் போனில் ஒரு தறியும், தறியில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளியும் தெரிவார்கள். நூற்றுக்கு நூறு நம்பகம் சார் என்று தீனா செய்து காட்டினான். புடவையில் ஒட்டியது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஒட்டியது. ஜெகநாதனின் ஹெல்மெட்டில் ஒட்டியது. நாற்காலியை ஸ்கேன் செய்தபோதும் அதே நெசவாளி அதே சிரிப்போடு வந்து, அசல் கைத்தறி என்றார். மெஷின் ஒரு நாளும் லீவு போடவில்லை, ஒரு ஸ்டிக்கரையும் கோணலாக ஒட்டவில்லை. அந்த ஸ்டிக்கர் மட்டும் ஏன் விழவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. பொய் சொல்வதற்கும் ஒரு ஆள் வேண்டும். மெஷினுக்குள் யாரும் இல்லை. ஆரணியில் மேலும் பதினேழு கடைகள் அதே மெஷினை வாங்கின.

மார்கழி பிறந்ததும் பழைய லேபிள்கள் ஊர் திரும்ப ஆரம்பித்தன. சென்னையிலும் சேலத்திலும் பெங்களூரிலும் பீரோக்களுக்குள் மடித்து வைத்திருந்த கல்யாணப் புடவைகளிலிருந்து அவை கழன்று, ஜன்னல் வழியாக வெளியேறி, காற்றில் ஆரணி வந்து சேர்ந்தன. வந்தவாசி ரோட்டில் பஸ் டிரைவர்கள் வைப்பரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். அரிசி ஆலைக் களங்களில் காய்ந்த நெல்லின் மேலாகப் பறந்துபோயின, ஒன்றுகூட நெல்லில் விழவில்லை. கமண்டல நாகநதியைத் தாண்டி, கோட்டைக்குப் பின்புறத் தெருவில், பாக்கியமேரியின் ஷீட் கூரைமேல் மட்டும் இறங்கின. பக்கத்து வீட்டுக் கூரை சுத்தமாக இருந்தது. அந்துருண்டை வாசனையும் மஞ்சள் கறையுமாக இருந்த அவற்றை அவள் கூட்டி அள்ளி அரிசிச் சாக்கில் கட்டினாள். பொங்கலுக்குள் மூன்று சாக்கு நிரம்பின. ஒவ்வொன்றின் முனையிலும் அவளுடைய இரட்டை முடிச்சு அவிழ்ந்து தொங்கியது.

பீரோவைத் திறந்து பார்த்தவர்கள் கடைக்குப் போன் செய்தார்கள். ஜெகநாதனுக்குப் பேஜாராகிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலை கார் போட்டுக்கொண்டு தெருவுக்கே வந்து, வாசலில் நின்று, ஊர் பார்க்க அந்தச் சாக்குகளைக் காட்டிச் சத்தம் போட்டார். இதையெல்லாம் தைத்தது யார் என்று அவளைக் கேளுங்கள், இன்றைக்கு உத்தமி வேஷம் போடுகிறாள், பதினோரு வருடம் தைத்த கை எது என்று கேளுங்கள் என்றார். தெரு மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

“நான்தான் தெச்சேன்,” என்றாள் பாக்கியமேரி. “ஒண்ணு வுடாம நான்தான். தெரிஞ்சேதான் தெச்சேன். நீங்க குடுத்தீங்க, நான் தெச்சேன். என் பங்கு இங்க மூணு சாக்குல கீது. உங்க பங்கு எங்க கீதுன்னு நீங்க சொல்லுங்க.”

சொல்லிவிட்டு ஒரு சாக்கை அவிழ்த்து, துணி காயப்போடும் கொடியில் லேபிள்களைக் கிளிப் போட்டு மாட்ட ஆரம்பித்தாள். கொடி போதாமல் எதிர்வீட்டுக் கம்பத்துக்கும் ஒரு கயிறு கட்டினாள். அவமானம் அவள் காதுவரை சூடாக ஏறியிருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. ஜெகநாதன் காரைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார், ஏனென்றால் கயிறு குறுக்கே இருந்தது.

அந்தக் கொடியைப் பார்த்துத்தான் கமலக்கண்ணன் வந்தார். ஒரே தறி வைத்து நெய்கிற மனிதர். கடைக்குப் போடாமல் தானே விற்பவர். அவருடைய கஷ்டம் வேறு மாதிரி. எல்லாப் புடவையிலும் கைத்தறி என்று ஒட்டியிருக்கும்போது கைத்தறியே நெய்கிறவன் சொல்வதை எவன் நம்புவான்? தனக்குக் கிடைத்த லேபிளையும் புடவையையும் கொண்டுவந்து, தைத்துக் கொடு பார்க்கலாம் என்றார். தைத்தாள். குறடு போட்டு இழுத்துப் பார்த்தார், குறடு வழுக்கியது. கலசப்பாக்கத்து டீச்சர் ஒருத்தி அதைத் தானும் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்கிப்போனாள். அடுத்த வாரம் நான்கு தறிக்காரர்கள் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் இருபது பேர். உட்கார இடமில்லாமல் வாசலில் ஒரு பெஞ்சு போட்டாள். கமலக்கண்ணன் தன் பொறுப்பில் ஏசுதாஸுக்கு ஒரு பாவு வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதம் சும்மா கிடந்த தறி திரும்பச் சத்தம் போட்டது. ஆனாலும் ஊர் முழுக்க நம்பிவிடவில்லை. வேண்டியவர்களுக்கு இறுக்கித் தைக்கிறாள், வேண்டாதவர்களுக்கு இளக்கித் தைக்கிறாள், கைவேலை அது என்று டீக்கடைகளில் பேசினார்கள். ஜெகநாதன் கடை லைவில் மகளை விட்டு அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல வைத்தார்.

அந்தப் பாவில் ஏசுதாஸ் நெய்த முதல் புடவையை வைகாசியில் ஒரு திங்கட்கிழமை பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவள் மடியில் எடுத்து வைத்தாள். அரக்கில் பச்சைக் கரை. சொந்த வீட்டுப் புடவை என்பதால் ஓரத்தைத் தடவிப் பார்க்கவில்லை. இரண்டு முனையும் தைத்து முடித்துத் தூக்கியபோது லேபிள் விழவில்லை. ஒரு முனை மட்டும் அவிழ்ந்து, மறுமுனையில் தொங்கியது. திரும்பத் தைத்தாள். அதே முனை அவிழ்ந்தது. இப்படி அதுவரை நடந்ததில்லை. பெஞ்சு அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது, யாரும் இன்னும் பார்க்கவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டால் தெரியாது. தெரிந்தால் கமலக்கண்ணன் பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டால் இனி ஏசுதாஸுக்குப் பாவு கொடுக்க ஆரணியில் ஒரு ஆள் மிஞ்ச மாட்டார். அவள் நிமிர்ந்தாள். தறி அறை வாசலில் ஏசுதாஸ் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

“இன்னாங்க பண்ணீங்க?”

“நீ உங்கம்மாவப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனியே, அந்த மூணு நாளு,” என்றார் ஏசுதாஸ். “முட்டி வீங்கிப் போச்சு. மிதிக்க முடியல. பழைய மோட்டார் ஒண்ணு மாட்டி ஓட்டினேன்.”

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். வேண்டாம் என்று அவர் கண் கேட்டது; அவளுக்கு அது நன்றாகவே விளங்கியது. இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷன், காலை ஊன்ற முடியாமல் நிற்கிறவன். அவள் அவரிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலே திரும்பி, தொங்குகிற லேபிளோடு அந்தப் புடவையைப் பெஞ்சுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

“பாதி கைத்தறி, பாதி மோட்டாரு,” என்றாள். “எங்க வூட்டுப் பொடவதான்.”

ஏசுதாஸ் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. கமலக்கண்ணன் புடவையை வாங்கிப் பார்த்தார், தொங்கும் முனையைச் சுண்டிப் பார்த்தார், பாதிக் கைத்தறி என்று சொல்லியே அதை விற்றார், பாவைத் திரும்பக் கேட்கவில்லை. டீக்கடைப் பேச்சு அந்த வாரத்தோடு நின்றது. சொந்தப் புருஷன் நெய்ததை இளக்கித் தைக்க எவளுக்கும் பைத்தியம் இல்லை என்று அதே வாய்கள் சொல்லின. ஐந்தாம் நாள் காலை ஏசுதாஸ் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சுக்கு அடியில் போட்டார். நீ சொன்னது சரிதான், ஆனால் அதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து அந்த வாசலில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. லேபிள் விழுந்தால் அது எப்படி நெய்தது என்று பாக்கியமேரி சொல்ல மாட்டாள். கொண்டுவந்தவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்ததைத் தைப்பாள். சொல்லாவிட்டால் புடவையை மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

அதன்பின் இரண்டு வருடம் போனது. மெஷின் ஒட்டிக்கொண்டே இருந்தது, ஸ்கேன் செய்தால் அந்த நெசவாளி சிரித்துக்கொண்டே இருந்தார், பாக்கியமேரியின் தாயார் இறந்தார், பெஞ்சு இரண்டானது. சென்ற தை மாதம் பானுப்ரியாவுக்கு வேலூரில் சம்பந்தம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை எடுக்க ஜெகநாதன் தன் குடோனுக்குள் நுழைந்தவர், இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். ஐயாயிரம் புடவை இருந்தது, ஐயாயிரத்திலும் ஸ்டிக்கர் இருந்தது. ஸ்டிக்கரே சொல்லிவிடுகிறது என்று இரண்டு வருடமாகச் சரக்கைப் பிரித்து அடுக்கவில்லை. விசைத்தறிக்காரர்களும் தொழிலில் தேறிவிட்டார்கள். முப்பது வருடம் பட்டுத் தொட்ட கைதான். மற்றவர் வீட்டுப் பெண்களுக்கு எடுத்துக் கொடுக்கும்போது ஒரு நாளும் சந்தேகப்படாத கை, தன் பெண்ணுக்கு என்று தொட்டதும் சந்தேகப்பட்டது. எது கைத்தறி என்று அவருக்கே தெரியவில்லை.

ஆறு புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, வியாழக்கிழமை காலை கோட்டைக்குப் பின்புறத் தெருவுக்கு வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பெஞ்சில் பதினைந்து பேர் இருந்தார்கள். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை, யாரும் வம்புக்கும் இழுக்கவில்லை. அவர் முறை வந்தபோது பையை நீட்டினார். பாக்கியமேரிக்கு அறுத்துக்கொண்டுபோன பாவு கண்ணுக்குள் நின்றது. பானுப்ரியாவைப் பார்த்தாள். கல்யாணப் பெண், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாக்கியமேரி ஊசியில் நூலைக் கோத்தாள்.

முதல் புடவையில் விழுந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பெஞ்சைப் பார்த்தார், தறி அறை வாசலில் நின்ற ஏசுதாஸைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு பவர்லூம் என்றார். காதில் விழவில்லை என்றார் கமலக்கண்ணன். இன்னொரு முறை சொன்னார். இரண்டாவதும் விழுந்தது, சொன்னார். மூன்றாவதும் நான்காவதும் விழுந்தன, சொன்னார். அவர் சட்டை நனைந்துவிட்டது. ஐந்தாவது விழுந்தபோது வாய் திறந்தது, குரல் வரவில்லை. பாக்கியமேரி காத்திருந்தாள். ஊசியைக் கீழே வைக்கவும் இல்லை, ஆறாவதை எடுக்கவும் இல்லை.

பானுப்ரியா முன்னால் வந்தாள். லைவ் போடுகிற அதே கணீர்க் குரல்.

“பவர்லூம்,” என்றாள். “எங்க கடைப் பொடவ. இத கைத்தறின்னு நான்தான் காட்டி வித்துகினு இருந்தேன்.”

ஆறாவது நின்றது. ஜெகநாதன் இழுத்துப் பார்த்தார், மகள் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள், கமலக்கண்ணன் குறட்டைக் கொடுத்தார். அசையவில்லை. ஜெகநாதன் அந்தப் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைக்குத் திரும்பி வந்துவிடு மேரி என்று கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். வியாழக்கிழமை கூட்டம் குறைவாக இருக்கும், வேண்டுமானால் மிச்சத்தைக் கொண்டுவாருங்கள் என்றாள். அதிலிருந்து வியாழன்தோறும் அவர் குடோனிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவருகிறார். அவள் தைக்கிறாள், பாதிக்கு மேல் விழுகிறது, அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காருகிறார். இப்போதெல்லாம் அவருக்குக் குரல் நன்றாகவே வருகிறது.